பழைய பியானோ: கட்டை ஒட்டுகிறது, சுருதியும் நிற்கவில்லை. அவசரம்!

வெள்ளவத்தை அப்பா:
வீட்டிலிருக்கும் பழைய பியானோவில் சில கட்டைகளை அமுக்கினால் மேலே வருவதில்லை. ஸ்பானரால் கம்பிகளை இறுக்கும் ஆணிகளைத் திருகி, போன் அப்பை வைத்துச் சுருதி சேர்த்தேன். மறுநாளே இறங்கிவிட்டது. டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கலாமா? மகளுக்குப் பரீட்சை வருகிறது, யாராவது சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை சுருதி:
அண்ணை, நிமிர்ந்து நிற்கிற பியானோவா, கிராண்டா? எந்தக் கட்டைகள்? கடல் காற்று படுகிற அறையா? படம் போடுங்கோ.

தந்திவாசி:
முதலில் இந்தக் களத்தின் பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்க வேண்டும். ஆணித் தலை சதுரம், ஸ்பானர் அதன் மூலைகளை மழுக்கிவிடும். நட்சத்திர முனை உள்ள ரியூனிங் சாவிதான் வேண்டும். டபிள்யூடி-40 ஒரு சொட்டுக்கூட வேண்டாம். எண்ணெய் ஆணி இறங்கியிருக்கும் மரத்துக்குள் போனால் பிறகு ஆணி பிடிக்காது.

பம்பலப்பிட்டி அக்கா:
எல்லாம் ஈரப்பதம்தான். அடிப்பெட்டிக்குள் 25 வாட் குண்டு பல்ப் ஒன்றைப் போடுங்கோ, மரத்திலும் துணியிலும் படாமல். எல்ஈடி சூடு தராது.

தெஹிவளை மாணவன்:
பல்பை விட ஏசி நல்லது.

பம்பலப்பிட்டி அக்கா:
இரவில் மட்டும் ஏசி போட்டால் மரம் தினமும் சுருங்கி விரியும் தம்பி. ஆணி தளர அதுவே போதும்.

வெள்ளவத்தை அப்பா:
நிமிர்ந்த பியானோ. இங்கிலாந்தில் செய்தது, பெயர் அழிந்துவிட்டது. நடு சி-க்கு மேலே உள்ள எஃப், அதன் பக்கத்துக் கட்டைகள். ஏ சுரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு வர வேண்டிய இடத்தில் அப் 415 காட்டுகிறது.

தந்திவாசி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 415 என்றால் அரைச் சுருதி குறைவு. துருப்பிடித்த கம்பிகளை ஒரேயடியாக 440க்கு இழுத்தால் அறுந்துவிடும். இருக்கிற உயரத்திலேயே ஒன்றோடொன்று சேருங்கள். அப்பை நம்பாதீர்கள், காதுதான்.

தெஹிவளை மாணவன்:
நல்ல அப்கள் ஒக்டேவை, அதாவது ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரையுள்ள தூரத்தை, சற்று விரித்துத்தான் கணக்கிடும் ஐயா. கம்பி விறைப்பானது, அடிப்படைச் சுரத்தோடு கூடவே எழும் அதன் மேல்சுரங்கள் (ஓவர்டோன்) கொஞ்சம் கூடியே ஒலிக்கும். அதையும் அளக்கின்றன.

தந்திவாசி:
நடுவிலும் மேலேயும் ஒரு சுரத்துக்கு மூன்று கம்பி. இரண்டு சேரும்போது சத்தம் ஏறி இறங்குகிற துடிப்பு மெல்ல மெல்ல நின்றுபோவதைக் காது பிடிக்கும். அதை அப் சொல்லித்தருமா?

தெஹிவளை மாணவன்:
மற்ற இரண்டு கம்பியிலும் ரப்பர் ஆப்பு செருகிச் சத்தத்தை அடக்கி, ஒவ்வொன்றாகக் கேட்டால் அப் காட்டும்.

கொட்டாஞ்சேனை சுருதி:
சரி, விஷயத்துக்கு வருவோம். அண்ணை, முன்பலகையைக் கழற்றிவிட்டு ஒட்டுகிற கட்டையை அமுக்கி விடுங்கோ. கம்பியை அடிக்கும் சுத்தியல் திரும்பிவிட்டது, கட்டை மட்டும் கீழேயே நிற்கிறதா? அதை இரு பக்கமும் ஆட்டிப் பாருங்கோ. கொஞ்சமும் ஆடாவிட்டால், கட்டையைப் பிடிக்கும் ஊசி போன்ற பின் நுழையும் துளையிலுள்ள துணி ஊதியிருக்கும், அல்லது இரண்டு கட்டைக்கு நடுவில் ஏதோ விழுந்திருக்கும். சுத்தியலே சோம்பலாகத் திரும்பினால் அச்சுப் பின் இறுகிவிட்டது, அது பழகியவர் வேலை. அப்புறம் ஆணி. சாவியைப் போட்டதும் வெண்ணெயில் திரும்புவது போலச் சுழன்றால் துளை தளர்ந்துவிட்டது, ஒரு அளவு பெரிய ஆணி தேவைப்படும். இறுக்கமாகத் திரும்பினால் ஆணி நல்லது. சுரத்தைத் துளி தாண்டி ஏற்றி, மெல்ல இறக்கி நிறுத்தினால் நிற்கும்.

வெள்ளவத்தை அப்பா:
நன்றி. எஃபுக்குப் பக்கத்தில் ஒரு 25 சத நாணயம் கிடந்தது, எடுத்ததும் கட்டைகள் சரி. ஆணிகள் இறுக்கம்தான். சாவி தேடுகிறேன்.

மட்டக்குளி வாசகர்:
எனக்கும் ஒரு பியானோவில் மேல் சுரங்கள் மட்டும் டக்கென்று மரத்தில் தட்டுவது போன்ற சத்தம். என்ன செய்யலாம்?

கொட்டாஞ்சேனை சுருதி:
தனி இழை போடுங்கோ, எந்தக் கம்பனி என்றும் சேர்த்து.