இங்கிலாந்து வெள்ளிக் கரண்டியின் பின்புறத்தில் ஐந்து முத்திரைகள்: எப்படிப் படிப்பது, எப்படித் துலக்குவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். சென்ற மாதம் பழம்பொருள் சந்தை ஒன்றில் இரண்டு பெரிய மேசைக் கரண்டிகள், ஒரு தட்டு, வெள்ளிக் கைப்பிடி போட்ட ஆறு கத்திகள் ஆகியவற்றை மொத்தமாக வாங்கினேன். முதல் கரண்டியின் காம்பு நுனிக்கு அருகே, பின்புறத்தில், ஐந்து சிறு முத்திரைகள் உள்ளன: தேய்ந்துபோன இரண்டு எழுத்துகள், நடக்கும் சிங்கம், கிரீடம் இல்லாத சிறுத்தை முகம், ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒரு கே, வலப்புறம் பார்க்கும் ஓர் ஆண் தலை. விற்றவர் இது 1905ஆம் ஆண்டுப் பொருள் என்றார். ஆண்டெழுத்துப் பட்டியலை (எந்த ஆண்டுக்கு எந்த எழுத்து முத்திரை என்பதை) பார்த்தால், 1785, 1825, 1905 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் இதே கே இருக்கிறது. தட்டில், தனித்தனிக் கேடய வடிவக் கட்டங்களுக்குள், அலங்கார எழுத்தில் ஈ, பி, என், எஸ் என்று நான்கு முத்திரைகள் காணப்படுகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கத்திகளில் ஒன்றை நன்றாகக் கொதித்த நீரில் ஊறவைத்துவிட்டேன். அலகும் பிடியும் சேரும் இடத்திலிருந்து பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாக ஏதோ கசிந்தது. வீட்டில் அம்மா வெள்ளிக் குங்குமச்சிமிழைத் திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்; இவற்றையும் அப்படியே துலக்கலாமா?

பதில் 1

முத்திரைகளை ஒவ்வொன்றாகப் படித்தால் குழப்பமே மிஞ்சும். ஐந்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் படிக்க வேண்டும். நடக்கும் சிங்கம் 1544 முதல் வழக்கில் உள்ளது. ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்னும் ஸ்டெர்லிங் தரத்தை அது உறுதி செய்கிறது. சிறுத்தை முகம், வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் லண்டன் சோதனைச் சாலையின் அடையாளம். பர்மிங்ஹாமில் சோதித்திருந்தால் நங்கூரமும், அக்காலத்து ஷெஃபீல்டாக இருந்தால் கிரீடமும் இருந்திருக்கும். அவ்விரு நகரங்களுக்கும் சோதனைச் சாலை கிடைத்தது 1773இல்தான்.

இனி ஆண்டுக்கு வருவோம். லண்டனில் ஆண்டெழுத்து இருபது எழுத்துகள் கொண்ட சுற்றாக ஓடியது. ஜே என்ற எழுத்தை விட்டுவிட்டு ஏ முதல் யு வரை எண்ணிப் பாருங்கள், இருபது வரும். சுற்று முடிந்ததும் எழுத்தின் வடிவத்தையோ அதைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவத்தையோ மாற்றி மீண்டும் ஏ என்று தொடங்குவார்கள். சிறிய ரோமன் எழுத்துச் சுற்றுகள் 1776, 1816, 1896 ஆகிய ஆண்டுகளில் தொடங்கின. உங்களைக் குழப்பிய மூன்று கே எழுத்துகளும் அவற்றில் வருபவையே.

அந்த ஆண் தலைதான் இங்கே திறவுகோல். அது வரி கட்டியதற்கான அடையாளம். 1784 டிசம்பரில் தொடங்கி 1890இல் வரி நீக்கப்படும்வரை, அரசரின் அல்லது அரசியின் தலையை அடித்தார்கள். ஆகவே 1905 என்று விற்றவர் சொன்னது தவறு; அந்த ஆண்டுக் கரண்டியில் இந்தத் தலை இருக்கவே முடியாது. 1785 ஆக இருந்தால், தலை உலோகத்துக்குள் குழிவாக அழுந்தி இடப்புறம் பார்த்திருக்கும். சிறுத்தையும் கிரீடம் அணிந்திருக்கும், ஏனெனில் லண்டன் சிறுத்தை அதை இழந்தது 1821இல். மிஞ்சுவது 1825 ஒன்றே. அப்போதெல்லாம் எழுத்து மே மாத இறுதியில் மாறியதால், உங்கள் கரண்டி 1825 மே இறுதிக்கும் 1826 மே மாதத்துக்கும் இடையில், நான்காம் ஜார்ஜ் மன்னர் காலத்தில் சோதிக்கப்பட்டது.

இதை உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை எடுத்து, கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துச் சிங்கத்தின் முகத்தைப் பாருங்கள். 1821 வரை லண்டன் சிங்கம் முகத்தை நம்மை நோக்கித் திருப்பியிருக்கும். அதன்பின் நேராக முன்னே பார்த்து நடக்கும்.

தட்டைப் பொறுத்தவரை, வருந்தாதீர்கள், அது திட வெள்ளி அன்று. அந்த நான்கு எழுத்துகளும் எலக்ட்ரோ பிளேட்டட் நிக்கல் சில்வர் என்பதன் சுருக்கம். அதாவது நிக்கல் கலந்த செப்பு உலோகத்தின்மேல் மின்முறையில் ஏற்றிய வெள்ளி முலாம். பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனத்தார் 1840இல் காப்புரிமை பெற்ற பிறகு இம்முறை பரவியது. எழுத்துகளைக் கேடயங்களுக்குள் அடித்ததால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அசல் முத்திரை போலவே தோன்றும். சிங்கம் இருக்கிறதா என்று முதலில் தேடும் பழக்கம் இருந்தால் இந்த ஏமாற்றம் நேராது.

பதில் 2

முத்திரையைப் பற்றி மேலே நண்பர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் துலக்குவதைப் பற்றி எழுதுகிறேன். திருநீறு மென்மையானதுதான், ஆனாலும் அது தேய்க்கும் பொருள். பற்பசை அதைவிடக் கடுமையானது. பூசைக்குப் பயன்படும் சிமிழ் கொஞ்சம் தேய்ந்தால் யாருக்கும் நட்டமில்லை. இருநூறு ஆண்டுக் கரண்டியிலோ, நீங்கள் தேய்த்து எடுப்பது அதன் பிறப்புச் சான்றிதழையே. தயாரித்தவரின் எழுத்துகள் ஏற்கெனவே மங்கியிருப்பதற்கும், பல தலைமுறைகள் ஆர்வத்தோடு தேய்த்ததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். எனவே முத்திரை உள்ள இடத்தில் எதையும் அழுத்தித் தேய்க்காதீர்கள்.

கறுப்பு என்பது அழுக்கு அன்று. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி வினைபுரிந்து உண்டாகும் வெள்ளி சல்பைடு. முட்டை, கம்பளி, ரப்பர் வளையம் ஆகியவை கந்தகத்தைத் தருவதால் அருகில் வைக்கக் கூடாது. செய்தித்தாளில் சுற்றவும் வேண்டாம். அமிலமற்ற மெல்லிய தாளே நல்லது. அலுமினியத் தாளும் ஆப்பச் சோடாவும் கலந்த வெந்நீர் கறுப்பை நீக்கும் என்பது உண்மை. ஆனால் செதுக்கு வேலைப்பாட்டின் பள்ளங்களில் நிழல்போல நிற்க வேண்டிய கருமையையும் அது சேர்த்தே வெளுத்துவிடும். கடைகளில் விற்கும் முக்கி எடுக்கும் திரவங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றிலுள்ள அமிலம் மேற்பரப்பின் மெருகைக் கெடுத்துவிடும். மென்மையான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் நிற்காமல் பருத்தித் துணியால் உடனே துடைத்து, அடிக்கடி சாப்பாட்டுக்குப் பயன்படுத்துங்கள். கறுப்பு பிடித்த பிறகுதான் மிக நுண்ணிய சுண்ணக்கட்டித் தூளைக் காய்ச்சி வடித்த நீரில் குழைத்து, பஞ்சால் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும்.

கத்தியில் கசிந்தது பிசின். அந்தக் கைப்பிடிகள் மெல்லிய வெள்ளித் தகட்டாலான கூடுகள். உள்ளே பிசினை நிரப்பி அலகைப் பொருத்தியிருப்பார்கள். சூடு பட்டால் பிசின் இளகும், அலகு கழன்றுவிடும். மற்ற ஐந்தையும் நீரில் மூழ்கவிடாமல் ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வைக்கவே வேண்டாம். கசிந்த கத்தியைப் பழைய வெள்ளி பழுதுபார்க்கும் கைவினைஞரிடம் கொடுத்தால், பழைய பிசினை அகற்றிப் புதிதாக நிரப்பித் தருவார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. சிங்கம் நேராகத்தான் பார்க்கிறது. ஆனால் இரண்டாவது கரண்டியில் கே எழுத்துக்குப் பதிலாக எம் எழுத்து இருக்கிறது. மற்ற நான்கும் அப்படியே. அதில் ஏதாவது கோளாறா?

பதில் 1

கோளாறு இல்லை. அதே சுற்றில் எம் என்பது 1827. வசதி வரும்போது ஒன்றிரண்டாகச் சேர்த்துத் தொகுதியை நிறைவு செய்வது அக்காலக் குடும்பங்களில் வழக்கம்தான். விற்கும்போது மட்டும், ஒரே ஆண்டில் பிறந்த சோடி என்று சொல்லாதீர்கள்.

ஐயம் இருந்தால் முத்திரையைச் சுற்றி வாயால் ஊதிப் பாருங்கள். வேறொரு பொருளிலிருந்து முத்திரையை வெட்டியெடுத்துப் பற்றவைத்திருந்தால், மூச்சின் ஈரம் படியும் அந்தக் கணத்தில் பற்றவைப்பின் கோடு மெலிதாகத் தெரியும். ஈரம் உலர்வதற்குள் லென்ஸில் பார்த்துவிட வேண்டும். அப்படிக் கோடு தெரிந்தால் அதை விற்க முயலாமல் லண்டன் சோதனைச் சாலைக்கே கொண்டு செல்லுங்கள், ஏனெனில் திருத்திய முத்திரையுள்ள பொருளை விற்பது அந்நாட்டில் 1973ஆம் ஆண்டு ஹால்மார்க் சட்டப்படி குற்றம்.