'ஹேட்டர்ஸ் காசில்' நாவலில் அம்மா மீது கோபம் வருகிறதா?

தக்கலை வாசகி:
ஏ.ஜே. குரோனினின் முதல் நாவல், 1931. ஸ்காட்லாந்தில் லெவன்ஃபோர்டு என்ற கற்பனை ஊர். தொப்பிக் கடைக்காரர் ஜேம்ஸ் பிராடி வீட்டையே ஆட்டிப்படைக்கிறார். மூத்த மகள் மேரி கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பம் என்று தெரிந்ததும், புயல் அடிக்கிற இரவில் வெளியே துரத்துகிறார். அதே இரவில்தான், 1879 டிசம்பர் 28, டே பாலம் இடிந்து ரயில் ஆற்றில் விழுகிறது. நிஜமாகவே நடந்த விபத்து அது. காதலன் டெனிஸ் அந்த ரயிலில்! ஆனால் எனக்குக் கோபமெல்லாம் அம்மா மீதுதான். பெற்றவள் ஏன் குறுக்கே நிற்கவில்லை?

குளச்சல்காரன்:
அக்கா, தன் நோயின் வலியையே வீட்டில் மறைக்கிறவள் அவள். எதிர்த்து நிற்கத் தெம்பு ஏது? புயல் அத்தியாயத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. 2017 ஒக்கிப் புயலில் ஆள் திரும்பாத வீடுகள் எங்கள் கடற்கரையில் உண்டு.

மார்த்தாண்டம் டியூஷன் டீச்சர்:
என்னை உலுக்கியது கடைக்குட்டி நெஸ்ஸி. லாட்டா உதவித்தொகைத் தேர்வுக்கு அப்பா 'படி, படி' என்று விரட்டுகிறார். கிடைக்கவில்லை என்றதும் அந்தப் பிள்ளை உயிரை விட்டுவிடுகிறது. என்னிடம் நீட் படிக்க வரும் ஒரு பிள்ளை, அப்பாவின் பைக் சத்தம் கேட்டாலே மதிப்பெண் தாளை மடித்து நோட்டுக்குள் செருகிவிடுவாள். உதடெல்லாம் காய்ந்துவிடும். பிராடியை எங்கோ இருக்கிற ராட்சசன் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

தக்கலை வாசகி:
டீச்சர், அந்த அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசுங்களேன்.

மார்த்தாண்டம் டியூஷன் டீச்சர்:
பேசிவிட்டேன். அடுத்து அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.