படகு வந்தால்தான் பிரதமர்: துவாலு தேர்தல் நாட்களில்

2024 ஜனவரியில் நான் வேலை செய்த சரக்குக் கப்பலின் போசன் (தளப் பணியாளர்களின் தலைவர்) பசிபிக் தீவு நாடான துவாலுவின் ஆள், நியுடாவோ தீவு. 26-ஆம் தேதி அவர் நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல். எட்டுத் தொகுதிகள், தலா இரண்டு இடங்கள், ஆக 16 உறுப்பினர்கள். கட்சி என்று ஒன்றே கிடையாது.

“அப்படியானால் எதைப் பார்த்து ஓட்டுப் போடுவீர்கள்?” என்றேன்.

“ஆளைப் பார்த்துத்தான்” என்றார், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல.

அந்த மாதம்தான் இன்னொரு பசிபிக் தீவு நாடான நவுரு, தைவானுடனான தூதரக உறவை விட்டுச் சீனாவின் பக்கம் போயிருந்தது. அடுத்தது துவாலுவா என்பதே வெளிநாட்டுச் செய்திகளின் ஒரே கவலை. போசனுக்கு அது எரிச்சல். முந்தைய நவம்பரில் ஆஸ்திரேலியாவுடன் கையெழுத்தான ஃபலேபிலி ஒப்பந்தத்தைப் பற்றித்தான் அவர் ஓயாமல் பேசுவார். ஆண்டுக்கு 280 பேர் வரை அங்கே குடியேறலாம். ஆனால் வேறு நாட்டோடு பாதுகாப்பு உடன்பாடு என்றால் ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். பிள்ளைகளை அனுப்பும் ஆசையும், நாட்டின் கையைக் கட்டிவிட்டார்களே என்ற கோபமும் ஒரே மனிதரிடம் இருந்தன.

அப்போதைய பிரதமர் கௌசியா நடானோ தலைநகர் ஃபுனாஃபுட்டியில் தோற்றார். 2021-இல் வெளியுறவு அமைச்சராகக் கடலுக்குள் நின்று காலநிலை மாற்றம் பற்றி உரையாற்றிய சைமன் கோஃபே அதே தொகுதியில் வென்றார். அதன் பிறகுதான் வேடிக்கை. பிரதமரை உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்; வெளித்தீவுகளில் வென்றவர்கள் அதற்குத் தலைநகருக்குக் கடல் வழியாகத்தான் வரவேண்டும். கடலோ கொந்தளித்துக்கொண்டிருந்தது. “உங்கள் ஊரில் முடிவை அறிவிப்பது வானிலை மையமா?” என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை. பிப்ரவரி 26 அன்றுதான் ஃபெலெட்டி டியோ போட்டியின்றிப் பிரதமரானார். அவரும் நியுடாவோ தொகுதிதான்! அன்றிரவு மெஸ்ஸில் போசனின் குரல் மட்டுமே கேட்டது.

ஒரு வாசகரின் பதில்:

கட்சியில்லாத தேர்தலைச் சொன்னீர்கள். 2022 டிசம்பரில் ஃபிஜி தேர்தலின்போது நான் அதன் தலைநகர் சுவாவில் இருந்தேன். அங்கே கட்சிகள் உண்டு. வாக்குச்சீட்டில்தான் பெயர், படம், சின்னம் எதுவும் கிடையாது. கட்டம் கட்டமாக எண்கள் மட்டும். நம் வேட்பாளரின் எண்ணைத் தேடிக் குறியிட வேண்டும். நான் தங்கியிருந்த வீட்டு அம்மா காலையிலிருந்து தன் எண்ணை மந்திரம்போல முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். 55 இடங்களில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. மூன்றே இடம் பெற்ற சோடெல்பா கட்சி யார் பக்கம் என்று நாடே காத்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் நாடாளுமன்ற வாக்கெடுப்பில் 28-க்கு 27 என்ற கணக்கில், சோடெல்பா கைகொடுத்த சிட்டிவேனி ரபுகா பிரதமரானார். அந்த அம்மாவின் எண் எந்தக் கட்சியுடையது என்று மட்டும் கடைசிவரை வாய் திறக்கவில்லை.