லெனேசியா குளிரில் கறிவேப்பிலையைக் காப்பாற்றிய தண்ணீர் டிரம்கள்

ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே லெனேசியாவில் இருக்கிறோம். டர்பனிலிருந்து அம்மா கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்று முதல் ஜூலை உறைபனியிலேயே கருகிவிட்டது. அதற்கப்புறம்தான் கொல்லையில் பசுமைக்குடில் போட்டேன்.

அதிலும் முதல் வருடம் பெரிய தப்பு. வீடியோக்களில் சொன்னபடி தெற்கே பார்த்துக் கட்டி, வடக்கில் செங்கல் சுவர் எழுப்பினேன். அது வடகோளத்துக்கான கணக்கு. இங்கே குளிர்காலச் சூரியன் வடக்கில் நிற்கிறது. ஜூன் 21 உச்சிவேளையிலும் சுமார் 40 டிகிரி உயரம்தான். புதுக்கன்று மாதக்கணக்கில் சுவர் நிழலிலேயே கிடந்தது. பார்க்கப் பார்க்க மனசு ஆறவில்லை.

பிரித்துக் கட்டினேன். இப்போது வடக்கில் வெயில் உள்ளே வரும் பாலிகார்பனேட் (ஒருவகை பிளாஸ்டிக்) தகடு, தெற்கில் சுவர். சுவரை ஒட்டி 200 லிட்டர் டிரம் ஆறு, கறுப்பு பெயின்ட் அடித்து, தண்ணீர் நிரப்பி, மூடி போட்டு வைத்தேன். நம் ஊர்க் குளிர்காலத்தில் மழை கிடையாது, பகல் முழுக்க வெயில். அந்தச் சூட்டைத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு டிரம் 10 டிகிரி ஆறினால் ஏறக்குறைய 2.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளியே வரும். கரண்ட் போனாலும் கவலையில்லை.

ஒரு நாள் விடியற்காலை வெளியே புல்லெல்லாம் வெள்ளை. தெர்மாமீட்டரில் மைனஸ் 2. உள்ளே 5. டிரம்மைத் தொட்டேன், லேசான வெதுவெதுப்பு. கறிவேப்பிலையின் இளங்கொழுந்து அப்படியே பச்சையாக இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கொத்து கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, அன்றைக்கு ரசம் வைத்தார்.

மதியம் கூரைக் கதவைத் திறக்க மறக்காதீர்கள். ஒரு நாள் மறந்ததில் தக்காளி நாற்று முழுக்க வாடிவிட்டது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு பதில்:
அண்ணா, எங்கள் வீடு பள்ளத்தில் இருப்பதால் இங்கேயும் உறைபனி விழும். குடில் போட இடமில்லை. 2 லிட்டர் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி கத்தரி நாற்றைச் சுற்றி அடுக்கி, ராத்திரியில் பிளாஸ்டிக் ஷீட் போர்த்துகிறேன். ஓரத்து நாற்று சில போனது, நடுவில் இருந்தவை எல்லாம் பிழைத்தன. டிரம்முக்கும் செடிக்கும் எவ்வளவு இடைவெளி விடலாம்?

லெனேசியா:
தம்பி, வெயிலை மறைக்காத அளவுக்கு ஒட்டியே வையுங்கள். என் மிளகாய்த் தொட்டிகள் டிரம்மிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் இருக்கின்றன. முன்பு செப்டம்பர் வரை காத்திருப்பேன். இப்போது ஜூலைக் கடைசியிலேயே விதை போடுகிறேன்.