உதவி: நெஸ் ஹோம்புரூ கேமில் மூணாவது எதிரி மறையுது, ஸ்கோர் பட்டை குதிக்குது

திரைவரி

வணக்கம். நின்டெண்டோவோட பழைய நெஸ் கன்சோலுக்கு, அதோட 6502 பிராசசரின் அசெம்பிளியில், பக்கவாட்டில் ஓடும் கேம் ஒண்ணு சொந்தமா (ஹோம்புரூ) எழுதுறேன். அசெம்பிளர் சிஏ65. என்ரோம் போர்டு, அதாவது நிரலுக்கு 32 கேபி, டைலுக்கு (8க்கு 8 பிக்சல் படத் துண்டு) 8 கேபி. ஹீரோ 16 பிக்சல் அகலம், 32 உயரம். எதிரிகள் 24க்கு 24. ஸ்பிரைட், அதாவது பின்னணியைச் சாராம தனியா நகரும் படத் துண்டு, எல்லாம் 8க்கு 8 அளவு.

மூணு சிக்கல்:

ஹீரோவும் மூணு எதிரியும் ஒரே தரையில் நின்னா மூணாவது எதிரி முழுசா மறையுது. மெசென் எமுலேட்டரில் ஸ்பிரைட் லிமிட்டை எடுத்துட்டா சரியா வருது, நிஜ கன்சோலில் வரல.

மேலே 32 பிக்சல் உயரத்துக்கு ஸ்கோர் பட்டை இருக்கு. ஸ்பிரைட் ஜீரோ, அதாவது பட்டியலின் முதல் ஸ்பிரைட், பின்னணியோட மோதுற இடத்தை வச்சுப் பட்டையையும் உலகத்தையும் பிரிக்கிறேன். சில ஃபிரேமில் பட்டையும் உலகத்தோட சேர்ந்து ஒரு தடவை நகருது.

புது டைல் வரிசை ஏத்தும்போது படம் அப்பப்போ மேல கீழ தூக்கிப் போடுது.

என்எம்ஐக்குள்ள (ஒவ்வொரு ஃபிரேமும் திரை வரைஞ்சு முடிஞ்சதும் தானா ஓடும் நிரல்) நடக்கிறது இந்த வரிசையில்: மியூசிக், எதிரிகளோட ஸ்பிரைட் பட்டியல் தயாரிப்பு, ஓஏஎம் டிஎம்ஏ (அந்தப் பட்டியலை ஓஏஎம் என்ற ஸ்பிரைட் நினைவகத்துக்கு மொத்தமா நகலெடுக்கிறது), ரெண்டு செங்குத்து டைல் வரிசை, அட்ரிபியூட் (டைலோட நிறத் தேர்வு), பேலட் (நிறப் பட்டியல்) 32 பைட், ஸ்கோர் 6 பைட்.

வரிக்கணக்கு

முதல் சிக்கல் பக் இல்லை, படம் வரையும் சிப்பான பிபியு அப்படித்தான். 64 ஸ்பிரைட் வைக்கலாம், ஆனா ஒரு ஸ்கேன்லைனில் (திரையின் ஒரு கிடைமட்ட வரி) 8 மட்டும்தான் வரையும். உங்க கணக்கைப் பாருங்க: ஹீரோ 2, எதிரி 3, எதிரி 3. எட்டு முடிஞ்சது. மூணாவது எதிரிக்கு இடமே இல்லை. ஓஏஎம்மில் முன்னாடி இருக்கிறதுக்குத்தான் முதல் உரிமை.

நிரலைத் தொடுறதுக்கு முன்னாடி படத்தைத் திருத்துங்க. எதிரியை 16 அகலத்துக்குக் குறைச்சா 2+2+2+2, மூணு எதிரியும் மினுக்காம நிக்கும். 24 அகலம் கட்டாயம் வேணும்னா, எந்த உயரத்தில் மூணாவது நெடுவரிசை உண்மையில் தேவைன்னு பாருங்க. வால் நடுவில் மட்டும் நீட்டிட்டு இருந்தா மேலேயும் கீழேயும் உள்ள வெத்து டைலைப் பட்டியலிலிருந்தே எடுத்துடுங்க. முழுக்க ஒளிபுகும் டைல்கூட எட்டில் ஒண்ணா எண்ணப்படும்.

இங்கே பலர் இடறுற விஷயங்கள் ரெண்டு. 8க்கு 16 மோடுக்கு மாறினா ஓஏஎம்மில் பிடிக்கிற இடம் பாதியாகும், ஒரு வரிக்கு 8 என்ற அளவு மாறாது. அடுத்தது, வேண்டாத ஸ்பிரைட்டை எக்ஸ் அச்சில் ஓரமா தள்ளி வச்சாலும் அது எண்ணிக்கையில் இருக்கும், ஏன்னா தேர்வு நடக்கிறது ஒய் மதிப்பை வச்சு மட்டும்தான். மறைக்கணும்னா ஒய் பைட்டில் 255 போடுங்க. ஒவ்வொரு ஃபிரேமும் பயன்படாத எல்லா இடத்துக்கும் போடணும், இல்லைன்னா போன ஃபிரேமோட மிச்சம் திரையில் நிக்கும்.

இதுக்கு அப்புறமும் எட்டைத் தாண்டினா சுழற்சிதான் வழி. பட்டியல் தயாரிக்கும்போது எந்த எதிரியிலிருந்து தொடங்கணும்ங்கிறதை ஃபிரேமுக்கு ஒண்ணா நகர்த்துங்க. இப்போ யாரும் நிரந்தரமா மறைய மாட்டாங்க, மாறி மாறி மினுக்குவாங்க. ஒரு ஃபிரேம் முன்னேயிருந்து, அடுத்த ஃபிரேம் பின்னேயிருந்துன்னு மட்டும் செஞ்சா நடுவில் மாட்டினவன் ரெண்டு பக்கமும் அடிபடுவான். ஹீரோவையும் எதிரியோட குண்டுகளையும் சுழற்சியில் சேர்க்காதீங்க, முன்னாடியே வச்சிடுங்க. கண்ணுக்குத் தெரியாத குண்டு பட்டு உயிர் போனா விளையாடுறவர் கேமைத்தான் திட்டுவார்.

பிபியுவோட நிலையைக் காட்டும் $2002 ரிஜிஸ்டரில் 5ஆவது பிட் ஓவர்ஃப்ளோவை, அதாவது ஒரு வரியில் எட்டைத் தாண்டினதைச் சொல்லும்னு படிச்சிருப்பீங்க. அந்த சர்க்யூட்லயே பிழை இருக்கு. நிறைஞ்சும் சொல்லாது, நிறையாமலும் சொல்லும். அதை நம்பி எதுவும் கட்டாதீங்க.

எட்டுபிட்

மூணாவது சிக்கலுக்கு நான் வரேன். என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பான் டிவி முறை) கன்சோலில் விபிளாங்க், அதாவது திரை வரையாத இடைவேளை, 20 ஸ்கேன்லைன். ஒரு ஸ்கேன்லைனுக்கு 113.67 சிபியு சைக்கிள், ஆக மொத்தம் 2273 சைக்கிள்தான். அதில் ஓஏஎம் டிஎம்ஏ மட்டும் 513, சில நேரம் 514. ரிஜிஸ்டர் சேமிப்பு அது இதுன்னு போக உங்க கையில் மிஞ்சுறது சுமார் 1700.

நீங்க அந்த நேரத்தை மியூசிக்குக்கும் ஸ்பிரைட் பட்டியலுக்கும் செலவு பண்ணிட்டு, பிறகு $2007 வழியா பிபியு நினைவகத்துக்கு எழுதத் தொடங்குறீங்க. எதிரி அதிகமானா எழுத்து விபிளாங்க் தாண்டி வரைதல் நேரத்துக்குள்ள போயிடும். வரையும்போது $2007ஐத் தொட்டா, பிபியு எந்த முகவரியை வச்சுத் திரையை வரையுதோ அதுவே தாறுமாறா நகரும். நீங்க பார்க்கிற தூக்கிப்போடல் அதுதான்.

என்எம்ஐயில் வரிசை இப்படி இருக்கணும்: ரிஜிஸ்டர்களை ஸ்டாக்கில் போடு, ஓஏஎம் டிஎம்ஏ, தயாரா வச்ச பஃபரை $2007க்குக் கொட்டு, $2000 (பிபியு கட்டுப்பாடு) எழுது, $2005 (ஸ்க்ரோல்) ரெண்டு தடவை எழுது. மியூசிக் இதுக்கு அப்புறம். ஸ்பிரைட் பட்டியல் மெயின் லூப்பில். மெயின் லூப் பாதி எழுதின பஃபரை என்எம்ஐ எடுத்துடாம இருக்க "தயார்" கொடி ஒண்ணு வையுங்க. கொடி இல்லைன்னா என்எம்ஐ பஃபரைத் தொடாம ஸ்க்ரோல் மட்டும் எழுதிட்டுத் திரும்பட்டும்.

இப்போ பைட் கணக்கு. எக்ஸ் இண்டெக்ஸ் வச்சு எடுத்து, $2007ல் போட்டு, கூட்டி, திரும்பினா பைட்டுக்கு 13 சைக்கிள். பஃபரை ஸ்டாக் பேஜில், அதாவது $0100இல் வச்சு, பிஎல்ஏ (ஸ்டாக்கிலிருந்து எடுக்கும் இன்ஸ்ட்ரக்ஷன்) போட்டு எடுத்து எழுதுற ஜோடியை லூப் இல்லாம விரிச்சு எழுதினா 8 சைக்கிள். உங்க 106 பைட் (டைல் 60, அட்ரிபியூட் 8, பேலட் 32, ஸ்கோர் 6) 1378லிருந்து 848க்கு இறங்கும். ஸ்டாக் பாயிண்டரைச் சேமிச்சுத் திரும்ப வைக்க மறக்காதீங்க.

அதை விடப் பெரிய லாபம் எழுதாம விடுறதில் இருக்கு. பேலட் மாறாத ஃபிரேமில் 32 பைட் எதுக்கு? பட்டை 4 டைல் உயரம்னா உலகத்துக்கு 30 இல்லை, 26 டைல்தான். ஃபிரேமுக்கு 8 பிக்சலுக்கு மேல நகரலைன்னா ஒரு ஃபிரேமுக்கு ஒரு வரிசை போதும், 26 பைட். வரிசை செங்குத்தா இறங்கணும், அதனால் $2000ல் 2ஆவது பிட்டை ஏத்தி 32, 32ஆ நகர விடுங்க.

அட்ரிபியூட்டில் ஒரு தந்திரம். ஒரு அட்ரிபியூட் பைட் 32க்கு 32 பிக்சல் பகுதியைப் பார்த்துக்கும், ஒரு செங்குத்து வரிசைக்கு 8 பைட். அதே 32 நகர்வு மோடில் ஒரு பைட் எழுதினா அடுத்தது சரியா நாலு அட்ரிபியூட் பகுதி கீழே தள்ளி விழும். 8 பைட்டுக்கு 8 முகவரி அமைக்கிறதுக்குப் பதிலா 4 போதும். பட்டைக்கு மேல் வரிசை முழுசும் போயிடுறதால் எழுத வேண்டியது உங்களுக்கு 7தான், ஆனா ஜோடியா எழுதுறதே சுலபம், பட்டையோட மதிப்பையே திரும்பப் போட்டுடுங்க.

சரியாச்சான்னு கண்ணால் பார்க்க மெசெனில் ஈவென்ட் வியூவர் திறங்க. $2007 எழுத்து ஒவ்வொண்ணும் எந்த ஸ்கேன்லைனில் விழுதுன்னு புள்ளியா காட்டும். படம் வரையும் பகுதிக்குள்ள ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது.

திரைவரி

ரெண்டு பேருக்கும் நன்றி. தூக்கிப்போடல் முழுசா நின்னுடுச்சு. எதிரியை 16 அகலமாக்கியாச்சு. சுழற்சியும் போட்டேன், ஆனா எதிரி வந்த உடனே கேம் உறைஞ்சு போகுது. சில நேரம் உறையாம, பட்டைக்கான பிரிவு திரையின் நடுவில் விழுது. 256 பைட் பஃபரில் தொடக்க இண்டெக்ஸை ஃபிரேமுக்கு 68 கூட்டிச் சுத்த விடுறேன்.

வரிக்கணக்கு

68ன்னா 17 ஸ்பிரைட். 17 ஒற்றைப்படை, அதனால் தொடக்கம் 64 இடத்துக்கும் போய்ச் சேரும். ஆனா சைபர் இடத்துக்கும் போயிடும், அதுதான் பிரச்சினை. ஸ்பிரைட் ஜீரோவுக்குன்னு வச்ச முதல் 4 பைட்டில் இப்போ எதிரியோட கால் உட்கார்ந்திருக்கு. அது பின்னணியோட எங்கே மோதுதோ அங்கே பிரிவு விழும். எங்கேயும் மோதலைன்னா உங்க காத்திருப்பு லூப் முடியவே முடியாது.

முதல் 4 பைட்டைத் தொடாதீங்க. இண்டெக்ஸ் சுத்தி 0க்கு வந்தா 4க்குத் தாவ ஒரு சோதனை போடுங்க, அவ்வளவுதான். ஹீரோவும் குண்டும் அடுத்த இடங்களில் நிலையா இருக்கிறதால் சுழற்சி அதுக்கு அப்புறம் தொடங்கட்டும்.

நிழல்பிக்சல்

ஸ்பிரைட் ஜீரோ பத்தி இன்னும் கொஞ்சம், ஏன்னா உங்க ரெண்டாவது சிக்கல் இதனால் மட்டும் தீராது.

$2002ல் 6ஆவது பிட் மோதலைச் சொல்லும். போன ஃபிரேமில் ஏறின அந்த பிட் விபிளாங்க் முடியும்வரை இறங்காது. உங்க என்எம்ஐ இப்போ சுருங்கிடுச்சு, அதனால் விபிளாங்க்குக்குள்ளேயே சோதிக்கத் தொடங்கினா பழைய கொடியைப் பார்த்து உடனே பிரிச்சிடுவீங்க. பட்டை உலகத்தோட நகர்ந்தது இப்படித்தான். முதலில் பிட் இறங்கும்வரை ஒரு லூப், பிறகு ஏறும்வரை இன்னொரு லூப். BIT $2002 இன்ஸ்ட்ரக்ஷன் அந்த 6ஆவது பிட்டை சிபியுவோட ஓவர்ஃப்ளோ கொடியில் வைக்கும், முதலில் பிவிஎஸ் (கொடி ஏறியிருந்தா தாவு), அடுத்து பிவிசி (இறங்கியிருந்தா தாவு).

மோதல் நடக்க ஸ்பிரைட்டிலும் பின்னணியிலும் ஒரே இடத்தில் ஒளிபுகாத பிக்சல் இருக்கணும். எக்ஸ் 255இல் நடக்காது. இடது ஓர 8 பிக்சலை மறைச்சிருந்தா அங்கேயும் நடக்காது. திரை அணைஞ்சிருந்தா நடக்கவே நடக்காது, அதனால் லெவல் மாறும் இடத்தில் இந்த லூப்பைத் தாண்டிப் போங்க. சூப்பர் மாரியோ பிரதர்ஸில் மேலே காசு எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இருக்கிற காசுப் படத்தின் அடிப்பகுதிதான் இந்த வேலையைப் பார்க்குது.

அந்தச் சோதனை லூப் ஒரு சுற்றுக்கு 7 சைக்கிள், ஒரு சைக்கிளுக்கு 3 பிக்சல், ஆக 21 பிக்சல் வரை முன்னே பின்னே ஆகும். நுண் ஸ்க்ரோல் எழுதின உடனே அமலாகும், மீதி அந்த வரி முடிஞ்ச பிறகுதான். அதனால் பட்டையின் கடைசி ரெண்டு பிக்சல் வரியை ஒரே நிறமா விட்டுடுங்க, ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது.

செலவையும் சொல்லிடுறேன். 32 ஸ்கேன்லைன் காத்திருந்தா 3637 சைக்கிள், ஒரு ஃபிரேமின் 29780இல் சுமார் 12 விழுக்காடு. சும்மா சுத்தாம மியூசிக் டிரைவரை அந்த இடைவெளியில் ஓட்டுங்க. அதோட அதிகபட்ச நேரம் 32 வரிக்குள்ள அடங்கணும்.

கேட்ரிட்ஜ்காரன்

ப்ரோ, இவ்வளவு பாடு எதுக்கு? கேட்ரிட்ஜில் எம்எம்சி3 மேப்பர் சிப்புக்கு மாறுங்க. ஸ்கேன்லைன் எண்ணி ஐஆர்க்யூ (சிபியுவுக்குக் குறுக்கீடு) கொடுக்கும், காத்திருப்பே கிடையாது. டைலையும் 1 கேபி, 2 கேபியா மாத்திக்கலாம்.

நிழல்பிக்சல்

ரெண்டு மூணு இடத்தில் பிரிக்கணும்னா மாறலாம். ஒரு பட்டைக்காக மட்டும்னா வேண்டாம், என்ரோம் போர்டு மலிவு. மாறினா ஒண்ணு கவனம்: அந்தக் கவுண்டர் பிபியுவின் முகவரி லைனைப் பார்த்துத்தான் எண்ணுது. பின்னணி டைல் ஒரு பேட்டர்ன் டேபிளிலும் (டைல் நினைவகத்தின் ஒரு பாதி) ஸ்பிரைட் டைல் இன்னொண்ணிலும் இருக்கணும். ரெண்டும் ஒரே டேபிளில் இருந்தா எண்ணிக்கை தப்பிடும்.

திரைவரி

என்ரோம்லயே எல்லாம் சரியாச்சு, உறையல. கடைசியா ஒண்ணு. பெரிய பாஸ் ஒருத்தன் 64 பிக்சல் அகலம். அவன் மட்டும் 8 ஸ்பிரைட் தின்னுடுவானே?

வரிக்கணக்கு

அவனைப் பின்னணி டைலில் வரையுங்க, பின்புலத்தைக் கறுப்பாக்குங்க, ஸ்க்ரோல் மதிப்பை மாத்தி நகர்த்துங்க. மெகா மேன் 2இல் டிராகன் வரும் கட்டத்தில் இதுதான் நடக்குது. உங்க பாஸுக்குக் கண்ணும் வாயும் மட்டும் ஸ்பிரைட்டா வையுங்க. ஹீரோ நிக்கிற மேடையும் ஸ்பிரைட்டா இருக்கணும், இல்லைன்னா அதுவும் பாஸோட சேர்ந்து நகரும். அதனால் மேடையைக் கட்டை கட்டையா வெவ்வேறு உயரத்தில் வையுங்க, ஒரே வரியில் குவியாது.

டிவிகேம்90

குறுக்கே வரேன், மன்னிக்கணும். 90களில் நம்ம ஊரில் டிவி கேம்னு வித்த குளோன் பெட்டியில் இந்த மாதிரி ஹோம்புரூ ஓடுமா? நம்ம ஊர் பால் (PAL) முறை டிவிக்குன்னா டைமிங் கெடாதா?

எட்டுபிட்

பால் டிவிக்குச் செஞ்ச குளோன் பலதும் டெண்டி (ரஷ்யாவில் வித்த நெஸ் குளோன்) வகை டைமிங். 312 வரி, 50 ஹெர்ட்ஸ். ஆனா என்எம்ஐ தாமதமா வரும், அதுக்கு அப்புறம் மிஞ்சுறது அதே 20 வரிதான். ஒரு சைக்கிளுக்கு 3 பிக்சல் என்பதும் மாறாது. அதனால் என்டிஎஸ்சிக்கு எழுதின, பட்டையைப் பிரிக்கிற நிரல் அப்படியே வேலை செய்யும். நின்டெண்டோவோட அசல் பால் கன்சோல்தான் வேற: ஒரு சைக்கிளுக்கு 3.2 பிக்சல், ஸ்கேன்லைனுக்கு 106.56 சைக்கிள், விபிளாங்க் 70 வரி.

கேம் தொடங்கும்போது ரெண்டு என்எம்ஐக்கு இடையே எத்தனை சைக்கிள்னு ஒரு லூப்பில் எண்ணுங்க. 29780 வந்தா என்டிஎஸ்சி, 33247 வந்தா அசல் பால், 35464 வந்தா டெண்டி. 50 ஹெர்ட்ஸில் மியூசிக் இழுக்கும், அதுக்கு அஞ்சு ஃபிரேமுக்கு ஒரு தடவை டிரைவரை ரெண்டு முறை கூப்பிடுங்க. நீங்க மியூசிக்கைப் பட்டை இடைவெளியில் ஓட்டினா, ரெண்டாவது அழைப்பைப் பிரிவு முடிஞ்ச பிறகு வையுங்க. நகர்வு வேகத்துக்கு 6/5 மடங்கில் தனி அட்டவணை. சில குளோன்களில் பல்ஸ் சேனலின் 25, 50 விழுக்காடு டியூட்டி (ஒலி அலை மேலே இருக்கும் நேரத்தின் பங்கு) இடம் மாறியிருக்கும், அதனால் குரல் வித்தியாசமா கேட்டா உங்க டிரைவரைக் குடையாதீங்க.