சர்க்கரை மாத்திரையை ஒழுங்கா எடுக்கிறாங்களான்னு அளக்க எந்தக் கேள்வித்தாள்?

நிலாமுற்றம்:
உடல்நல உளவியல்ல பிஎச்.டி. ரெண்டாம் வகைச் சர்க்கரை நோய், அரசு மருத்துவமனை ஓபி, 200 பேர். நோய் பற்றி அவங்க நினைக்கிறதும் மருந்து பற்றி நினைக்கிறதும் மாத்திரை எடுக்கிற பழக்கத்தோட எப்படி ஒத்துப்போகுதுன்னு பார்க்கணும். மாத்திரைப் பழக்கத்துக்கு மாரிஸ்கி 8 கேள்வி, மருந்து பற்றிய நம்பிக்கைக்கு பிஎம்க்யூ, நோய் பற்றிய எண்ணத்துக்குச் சுருக்க ஐபிக்யூ, கூடவே சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டுற ஹெச்பிஏ1சி பரிசோதனை. எல்லாத்தையும் தமிழாக்கி, வேறொருவரை வைத்து ஆங்கிலத்துக்குத் திருப்பி ஒப்பிட்டாச்சு. ஒரே தடவை சந்திச்சுத் தரவு எடுக்கிறதா திட்டம். இது போதுமா?

கோடைமழை:
முதல்ல மாரிஸ்கியை நீக்கிடுங்க. அதுக்கு உரிமம் வாங்கணும், கட்டணமும் உண்டு. அனுமதியில்லாம பயன்படுத்தி, அச்சான கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டி வந்தவங்க இருக்காங்க. அதுக்குப் பதிலா, மாத்திரைப் பழக்கத்தையே அளக்கிற மார்ஸ்-5 பாருங்க (அதுக்கும் ஆசிரியர்கிட்ட அனுமதி கேளுங்க). ஐந்தே வாக்கியம், 5 முதல் 25 வரை மதிப்பெண். 'மறந்துடுறேன்' ஒண்ணு. மற்ற நாலும் தெரிஞ்சே செய்றது: அளவை மாத்துறது, கொஞ்ச நாள் நிறுத்துறது, ஒரு வேளையை வேணும்னே விடுறது, சொன்னதைவிடக் குறைச்சுப் போடுறது.

இந்த ரெண்டையும் கூட்டி ஒரே எண்ணா ஆக்கிடாதீங்க, ஆய்வோட சாரமே அதுலதான் இருக்கு. மறக்கிறவருக்கு வேண்டியது 'காலைல காப்பி டம்ளரை எடுத்ததும் மாத்திரை' மாதிரி ஒரு கொக்கி. 'இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் கெடுக்கும்'னு நினைச்சு விடுறவருக்கு அந்தக் கொக்கியால ஒரு பிரயோஜனமும் இல்லை, அவருக்குப் பேச வேண்டியது அந்தப் பயத்தைப் பற்றி. பிஎம்க்யூ-வோட தொடர்பு பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையிலதான் தெரியும்.

இன்னொண்ணு. பிஎம்க்யூ-ல மருந்தோட தேவை பற்றி 5 கேள்வி, மருந்து பற்றிய கவலைக்கு 5 கேள்வி, ஒவ்வொரு பகுதிக்கும் மதிப்பெண் 5–25. பலரும் தேவையிலிருந்து கவலையைக் கழிச்சு –20 முதல் +20 வரை ஒரே எண்ணா வைப்பாங்க. 'ரொம்பத் தேவை, ரொம்பப் பயம்' (25–25) என்பவரும், 'தேவையும் இல்லை, பயமும் இல்லை' (5–5) என்பவரும் அதுல ஒரே பூஜ்யம். ஒருத்தர் தவிச்சுக்கிட்டு இருக்கார், மற்றவர் கண்டுக்கவே இல்லை. ரெண்டு மதிப்பெண்ணையும் தனித்தனியாவே புள்ளியியல் மாதிரியில (மாடல்) போடுங்க.

திண்ணைப்பேச்சு:
திருப்பி மொழிபெயர்த்தது சரியா வந்துட்டா கேள்வி சரின்னு அர்த்தம் இல்லை. படிச்ச ரெண்டு பேர் ஒத்துப்போனாங்க, அவ்வளவுதான். 6, 7 நோயாளிகளை உட்கார வைத்து, 'இந்தக் கேள்வியை உங்க வார்த்தையில சொல்லுங்க', 'ஏன் இந்தப் பதிலைச் சொன்னீங்க'ன்னு கேளுங்க. திருத்தி, இன்னொரு 6 பேர்கிட்ட மறுபடியும். தமிழ்ல வழக்கமா இடறுற இடங்கள்:

'மாத்திரை போட மறந்ததில்லையா?'ன்னு கேட்டா வர்ற 'ஆமா'வை என்ன செய்வீங்க? 'ஆமா, மறந்ததில்லை'யா, 'ஆமா, மறந்திருக்கேன்'னா? எதிர்மறையில கேட்கவே கேட்காதீங்க.

பிஎம்க்யூ-ல மருந்து ஒரு புதிர்னு சொல்ற கவலை வாக்கியம் ஒண்ணு உண்டு. 'மர்மம்'னு போட்டா எதிரே இருக்கிற பெரியவர் சிரிப்பார், இல்லைன்னா முகம் சுளிப்பார். 'இந்த மாத்திரை உடம்புக்குள்ள என்ன பண்ணுதுன்னே எனக்கு விளங்கலை' பேச்சுக்குப் பொருந்தும்.

சுருக்க ஐபிக்யூ-ல நோய் எவ்வளவு காலம் நீடிக்கும்னு 0–10-ல கேட்கும். வாயால கேட்டா '10' என்பது 'பத்து வருஷம்' ஆகிடும். ஒரு முனையில 'கொஞ்ச நாள்', மறுமுனையில 'ஆயுசுக்கும்'னு எழுதின கோட்டை அட்டையில காட்டித் தொடச் சொல்லுங்க. கூட்டுத்தொகை எடுத்தா 3, 4, 7-வது கேள்விகளோட மதிப்பெண்ணைத் திருப்பிப் போட (10-ஐ 0-ஆ, 0-வை 10-ஆ) மறக்காதீங்க. 9-வது காரணம் கேட்கிறது, அது கூட்டுத்தொகையில சேராது.

மாத்திரை கொடுக்கிற ஜன்னல் பக்கத்துல வைத்துக் கேட்டா எல்லாருமே நல்ல பிள்ளைகள்தான். தள்ளி ஒரு இடம் பாருங்க, வெள்ளைக் கோட்டும் வேண்டாம்.

நிலாமுற்றம்:
நன்றி. சொல்றதை மட்டும் நம்பாம மாத்திரையை எண்ணலாமா?

பூவரசு:
எண்ணலாம். ஆனா வகுக்கிறதுல கவனம் வேணும் மேடம். 60 மாத்திரை கொடுத்தீங்க, நாளுக்கு 2, அவர் 28-வது நாள் வர்றார், கையில 12 மிச்சம். போட்டது 48, போட்டிருக்க வேண்டியது 56, ஆக 86%. கொடுத்த 60-ஆல வகுத்தா 80% ஆகி, 'ஒழுங்கா எடுக்கிறார்'னு சொல்ல வழக்கமா வைக்கிற எல்லையிலயே போய் உட்காரும். வீட்டுல பழைய அட்டை கிடந்தா கணக்கு 100-ஐத் தாண்டும், அதனால முதல் நாளே இருப்பைக் கேட்டு எழுதிக்கோங்க. எண்ணப் போறீங்கன்னு முன்கூட்டியே தெரிஞ்சா மிச்சம் குப்பைக்குப் போயிடும்.

மாத்திரை வாங்கின பதிவேட்டை நம்புறதும் கஷ்டம். 2021-ல மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு பலருக்கு மாத்திரை வீட்டுக்கே வருது. வாங்கியதுக்கும் விழுங்கியதுக்கும் இடையில தூரம் கூடிடுச்சு.

ஹெச்பிஏ1சி கடந்த 2–3 மாசத்தைச் சொல்லும், ஆனா சாப்பாடு, மருந்தளவு, எத்தனை வருஷ நோய் எல்லாம் அதுல கலந்திருக்கும். இரும்புச்சத்துக் குறைவால வர்ற ரத்தசோகையில அது கூடுதலாகவும் காட்டலாம். ஹீமோகுளோபினையும் சேர்த்து எடுங்க.

ஒரே சந்திப்புதான் எனக்கு உறுத்துது. மாத்திரை தேவையில்லைன்னு நினைச்சு விட்டாரா, விட்டும் ஒண்ணும் ஆகலைன்னு பார்த்த பிறகு தேவையில்லைன்னு நினைக்க ஆரம்பிச்சாரா? ஒரே நாள் தரவு இதைப் பிரிக்காது. நம்பிக்கைகளை இன்னைக்கு, மாத்திரைப் பழக்கத்தை இன்னைக்கும் 3 மாசம் கழிச்சும் அளங்க. 200 பேரும் திரும்ப வர மாட்டாங்க, அதையும் சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டிக்கோங்க.

கோடைமழை:
பூவரசு சொன்னதோட ஒண்ணு. ஓபிக்கு வர்றவங்களே ஓரளவு ஒழுங்கானவங்க. அடியோட நிறுத்தினவர் அந்த வரிசையில நிற்கவே மாட்டார். மார்ஸ்-5 மதிப்பெண் எல்லாம் 23, 24-ல குவிஞ்சிருந்தா கேள்வித்தாளைக் குறை சொல்றதுக்கு முன்னாடி, ஆறு மாசமா வராதவங்க பட்டியலை மருத்துவமனையில கேட்டுப் பாருங்க. அதுக்கு நெறிமுறைக் குழு அனுமதி தனியா வேணும். விண்ணப்பம் இன்னும் போடலைன்னா இப்பவே சேர்த்துடுங்க, நடுவுல திருத்தம் போட்டா இழுத்தடிக்கும்.