கல்லூரி அணிகளின் டி-ஷர்ட்: லைசென்ஸ் வாங்குவது எப்படி? ஃபுட்பால் தவிர மற்றது ஏன் கடையில் இல்லை?

திரைச்சட்டம் கேட்டது:

டெக்சாஸில் சின்ன ஸ்கிரீன் பிரிண்டிங் யூனிட். ஆறு கலர் மேனுவல் பிரஸ், ஒரு கன்வேயர் டிரையர். பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் வாலிபால், சாஃப்ட்பால் அணிகளின் பெயர் போட்ட டி-ஷர்ட் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். கடைகளில் ஃபுட்பாலுக்கு (அமெரிக்கக் கால்பந்துக்கு) மட்டும்தான் கிடைக்கிறதாம்.

லோகோவைத் தொடாமல் அணியின் நிறம், ஊர்ப் பெயர், ஆண்டு மட்டும் அடித்தால் லைசென்ஸ் இல்லாமல் விற்கலாமா? லைசென்ஸ் கட்டாயம் என்றால் எந்த வகை, யாரிடம் கேட்பது, ராயல்டி எவ்வளவு? வீராங்கனையின் பெயரும் எண்ணும் முதுகில் போடலாமா? இவ்வளவு கேட்பு இருந்தும் கடைக்காரர்கள் ஏன் வாங்கி வைப்பதில்லை என்பதும் தெரிந்தால் நல்லது.

முத்திரைமோதிரம் பதில்:

முதல் கேள்விக்கு நேர் பதில்: விற்க வேண்டாம். "நிறம்தானே" என்று இறங்குகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். 2008-இல் ஐந்தாவது சர்க்யூட் என்ற கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்மாக் அப்பேரல் என்ற டி-ஷர்ட் நிறுவனத்தின் வழக்கில் தீர்த்தது இதே விஷயத்தைத்தான். எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்), ஓக்லஹோமா, ஒஹாயோ ஸ்டேட், யு.எஸ்.சி. (சதர்ன் கலிபோர்னியா) ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களும் சி.எல்.சி. என்ற லைசென்சிங் நிறுவனத்தோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தன. அந்தச் சட்டைகளில் அதிகாரபூர்வ லோகோவோ பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரோ இல்லை. அணியின் நிறங்களும், விளையாட்டைச் சுட்டும் சொற்களும் எண்களும்தான். பார்க்கிறவர் அந்தப் பல்கலைக்கழகமே வெளியிட்டதாக நினைக்க வாய்ப்பு இருக்கிறது என்று நீதிமன்றம் சொல்லி, வர்த்தக முத்திரை மீறல் என்றே தீர்ப்பளித்தது. வெறும் ஆரஞ்சுச் சட்டையை யாரும் தடுக்க மாட்டார்கள். அந்த ஆரஞ்சோடு ஊர், ஆண்டு, எதிரணியைப் பற்றிய கிண்டல் என்று ஒவ்வொன்றாகச் சேரும்போதுதான் வழக்குக்கு இடம் கொடுக்கிறோம்.

முழக்கங்களுக்கும் உரிமையாளர் உண்டு. ஒஹாயோ ஸ்டேட் 2022-இல் "தி" (THE) என்ற ஒற்றைச் சொல்லையே ஆடைகளுக்காகப் பதிவு செய்தது. டிசைனில் கை வைக்கும் முன் அமெரிக்க காப்புரிமை, வர்த்தக முத்திரை அலுவலகத்தின் தேடல் பக்கத்தில் பாருங்கள். ஆடைக்கு வகை எண் 25. பழைய டெஸ் தேடல் 2023 நவம்பரோடு மூடப்பட்டது, இப்போது புதிய பக்கம். உரிமையாளர் பெயரை வைத்துத் தேடும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: பதிவு பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்காது, அதை நிர்வகிக்கும் ரீஜென்ட்ஸ் அல்லது டிரஸ்டீஸ் போர்டின் பெயரில் இருக்கும். தேடி எதுவும் வரவில்லை என்றாலும் நிம்மதியாக இருக்க முடியாது. பதிவாகாத முத்திரைக்கும் 1946-இன் லேன்ஹம் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது.

யாரிடம் கேட்பது: பல்கலைக்கழகத் தளத்தில் டிரேட்மார்க் லைசென்சிங் பக்கம் இருக்கும். அதில் ஏஜென்ட் யார் என்று போட்டிருப்பார்கள். பெரிய பல்கலைக்கழகங்களில் பல, லேர்ஃபீல்டு நிறுவனத்துக்குச் சொந்தமான சி.எல்.சி. வழியாக நடத்துகின்றன. சில தாங்களே நேரடியாக நடத்துகின்றன. சிறியவற்றுக்கு அஃபினிட்டி போன்ற வேறு ஏஜென்ட்கள்.

வகைகள் இடத்துக்கு இடம் பெயர் மாறும். ஆனால் உங்களுக்குப் பொருந்தக்கூடியவை இரண்டு. ஒன்று, உள்பயன்பாட்டு லைசென்ஸ்: துறைகள், மாணவர் சங்கங்கள், அணிகள் தங்களுக்கென்று ஆர்டர் தருவதை மட்டும் அடிக்கலாம், கடையில் விற்கக் கூடாது. மற்றது, உள்ளூர் லைசென்ஸ்: ஒரு மாநிலத்துக்குள் ஒரு சில கல்லூரிகளுக்கு மட்டும் செய்து விற்கலாம். நாடு முழுவதுக்குமான லைசென்ஸை முதலிலேயே கேட்டால் கடைகளோடு ஏற்கெனவே வியாபாரம் இருப்பதற்கு ஆதாரம், நிதிநிலை அறிக்கை, சந்தைத் திட்டம் எல்லாம் கேட்பார்கள். கிடைக்காத வாய்ப்பே அதிகம். விண்ணப்பக் கட்டணமோ திரும்ப வராது.

ராயல்டி பொதுவாக மொத்த விலையில் (கடைக்கு நீங்கள் விற்கும் விலையில்) 10 முதல் 12 சதவீதம் வரை, பெரிய அணிகளுக்கு அதற்கும் மேலே. கூடவே ஆண்டுக் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை. இங்கேதான் கணக்கு இடிக்கும். மொத்த விலை 12 டாலர், ராயல்டி 12 சதவீதம் என்று வைத்தால் ஒரு சட்டைக்கு 1.44 டாலர். உத்தரவாதம் 500 டாலர் என்றால் 348 சட்டை விற்ற பிறகுதான் அந்தத் தொகை ஈடாகும். 100 சட்டை விற்றாலும் 500 டாலர் கட்டித்தான் ஆக வேண்டும், அதாவது சட்டைக்கு 5 டாலர். கடை நடுவில் இல்லாமல் நீங்களே நேரடியாக விற்றால் ராயல்டி எந்த விலையின் மேல் என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். சில்லறை விலையின் மேல் என்று இருந்தால் லாபம் பெரிதாகக் கரையும்.

இதோடு பொருள் பொறுப்புக் காப்பீடு (சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர் என்பது பரவலாகக் கேட்கப்படும் அளவு), தொழிலாளர் நடத்தை விதிக்கு ஒப்புதல், தொழிற்சாலை முகவரிகளை வெளியிடுவது எல்லாம் சேரும். வெற்றுச் சட்டையை வெளியே வாங்கி அடிக்கிறவர்கள் தங்கள் ஷெட் முகவரியை மட்டும் எழுதி அனுப்பி, விண்ணப்பம் திரும்பி வந்து நிற்கிறது. சட்டை எங்கே தைக்கப்பட்டது என்ற விவரத்தையும் சப்ளையரிடம் வாங்கி வையுங்கள்.

வீராங்கனை பெயர்: அது அவருடைய உரிமை, பல்கலைக்கழகத்தின் லைசென்ஸில் தானாக வராது. 2021 ஜூலை 1-க்கு முன் வீரர்கள் தங்கள் பெயரை விற்கவே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு விடவில்லை. பெயர் போடாமல் எண்ணை மட்டும் போட்டு ஜெர்சிகள் விற்றார்கள். என்.சி.ஏ.ஏ. கடைத் தளத்தில் வீரர் பெயரைத் தேடினால் அதே எண் ஜெர்சி வருகிறது என்பது 2013 ஆகஸ்டில் அம்பலமாகி, அந்த விற்பனையையே நிறுத்தினார்கள். இப்போது பெயர் போடலாம், ஆனால் இரண்டு அனுமதி: பல்கலைக்கழகத்திடம் ஒன்று, வீராங்கனையிடமோ அவர் சேர்ந்திருக்கும் குழு லைசென்ஸிலோ (பல வீரர்களின் பெயருக்குச் சேர்த்துத் தருவது) இன்னொன்று. ஒன்டீம், பிராண்டர் குரூப் போன்றவை குழு லைசென்ஸ் நடத்துகின்றன. ராயல்டியும் இரண்டு பக்கம் போகும். வெளிநாட்டிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வந்த வீராங்கனை என்றால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகம் சொல்லாமல் தொடாதீர்கள். பாதிப்பு உங்களுக்கு அல்ல, அவருடைய விசாவுக்கு.

கடைவீதி பதில்:

கடையில் ஏன் இல்லை என்பதற்கு மட்டும் சொல்கிறேன்.

லைசென்ஸ் என்பது "இந்தப் பொருள், இந்த வகைக் கடையில்" என்று கட்டம் கட்டமாகத் தரப்படுவது. வளாகப் புத்தகக் கடை, விளையாட்டுச் சாமான் கடை, டிபார்ட்மென்ட் ஸ்டோர், பெரிய தள்ளுபடிச் சங்கிலிக் கடை, இணையம் எல்லாம் தனித்தனிக் கட்டங்கள். போட்டியில் அணியும் அதே ஜெர்சியின் உரிமை பெரும்பாலும் நைக்கி, அடிடாஸ், அண்டர் ஆர்மர் போன்று அணிக்கு உடை தரும் நிறுவனத்திடம் இருக்கும். தள்ளுபடிச் சங்கிலிக்குள் நுழைய உரிமை ஒரு சிலருக்குத்தான். இந்த ஒரு சிலர் வாலிபாலுக்கு டிசைன் போடவில்லை என்றால் அந்தக் கடையில் வாலிபால் சட்டை இருக்காது.

அடுத்தது காலம். பெரிய கடைகளின் கொள்முதல்காரர்கள் சீசனுக்குப் பல மாதம் முன்பே ஆர்டரை முடித்துவிடுவார்கள். அணி நன்றாக ஆடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? ஃபுட்பாலுக்கு அந்தச் சந்தேகம் கிடையாது, தோற்றாலும் சனிக்கிழமை மைதானம் நிறையும். மற்ற ஆட்டங்களுக்கு ரசிகர்கள் இல்லை என்று இதற்கு அர்த்தமே இல்லை. 2023 ஆகஸ்ட் 30-இல் நெப்ராஸ்கா பெண்கள் வாலிபால் ஆட்டத்துக்கு 92,003 பேர் வந்தார்கள். ஆள் இருக்கிறார்கள், ஆர்டர் போடுகிறவர்தான் பழைய விற்பனைக் கணக்கைப் பார்த்துப் போடுகிறார். போன வருடம் பொருளே வைக்காததால் விற்பனை பூஜ்யம், அந்தப் பூஜ்யத்தைக் காட்டி இந்த வருடமும் வைப்பதில்லை.

சிறு யூனிட்டுக்கு வாய்ப்பு இருப்பது இங்கேதான். வளாகப் புத்தகக் கடையிடம் 24 அல்லது 36 சட்டையோடு போகலாம். அந்தக் கடையைப் பல இடங்களில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் காலேஜ் அல்லது ஃபாலெட் நடத்துகிறது. அப்படியானால் கிளை மேனேஜருக்கு உள்ளூரில் வாங்க எவ்வளவு அதிகாரம் என்று முதலில் கேளுங்கள். பெண்கள் அணி என்பதால் பெண்கள் அளவு மட்டும் அடிப்பது பெரிய தவறு. வாங்க வருகிறவர்களில் அப்பாக்களும் சின்னப் பிள்ளைகளும் நிறைய. யுனிசெக்ஸில் சிறியது 1, நடுத்தரம் 2, பெரியது 2, மிகப் பெரியது 1 என்று ஆறு ஆறாகக் கட்டுங்கள். பிள்ளைகள் அளவு தனிக் கட்டாக இருக்கட்டும்.

இன்னொரு பொறி: அணி கோப்பை ஜெயித்தால் உடனே "சாம்பியன்" சட்டை அடிக்கத் தோன்றும். கல்லூரியின் லைசென்ஸ் அதற்குப் போதாது. தேசியச் சாம்பியன்ஷிப்பின் பெயரும் லோகோவும் என்.சி.ஏ.ஏ.-வுடையவை, கான்ஃபரன்ஸ் (கல்லூரிகள் சேர்ந்து ஆடும் லீக்) பட்டத்தின் முத்திரை அந்தந்த கான்ஃபரன்ஸுடையது. அனுமதி உள்ளவர்கள் இறுதி ஆட்டத்துக்கு முன்பே இரண்டு அணிக்கும் டிசைனை ஒப்புதல் வாங்கி வைத்திருந்து, ஆட்டம் முடிந்த இரவே அச்சைத் தொடங்குகிறார்கள்.

மைக்கரண்டி பதில்:

லைசென்ஸ் கிடைத்த பிறகு நிறையப் பேர் விழுவது சாம்பிள் ஒப்புதலில். டிசைனை ஆன்லைனில் ஏற்றி ஒப்புதல் வாங்காமல் ஒரு சட்டைகூட விற்கக் கூடாது. திருப்பி அனுப்பப்படும் காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றுதான்: லோகோவை நீட்டியது, சாய்த்தது, சுற்றி இடம் விடாதது, பதிவுக் குறியை (®) விட்டது, பழைய லோகோவைப் போட்டது. பழைய லோகோக்களுக்கு சி.எல்.சி.-யில் காலேஜ் வால்ட் என்று தனித் திட்டமே இருக்கிறது, சாதாரண லைசென்ஸில் அவை வராது.

நிறத்தில் கண்டிப்பு அதிகம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆரஞ்சு என்றால் பான்டோன் (நிறங்களுக்கு எண் தரும் முறை) 159, மிஷிகன் பல்கலைக்கழகத்தின் மஞ்சள் 7406. மை டப்பாவில் "ஆரஞ்சு" என்று எழுதியிருப்பதை நம்பாமல் கலந்து, அதே துணியில் ஒரு பிரின்ட் எடுத்து, காய்ந்த பிறகு சாம்பிள் அட்டையோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். கருப்புச் சட்டையில் வெள்ளை அண்டர்பேஸ் (அடியில் முதலில் அடிக்கும் மை) இல்லாமல் அடித்தால் எந்த ஆரஞ்சும் செங்கல் நிறமாகிவிடும்.

பாலியெஸ்டர் சட்டையில்தான் பெரிய சிக்கல். சிவப்பு, மெரூன், எரிந்த ஆரஞ்சு பாலியெஸ்டரில் வெள்ளை எழுத்து அடித்தால் டிரையரை விட்டு வரும்போது வெள்ளையாக இருக்கும், இரண்டு நாள் கழித்து ரோஸ் நிறமாகும். துணியின் சாயம் சூட்டில் ஆவியாகி மைக்குள் ஏறுவதுதான் காரணம். சாதாரண பிளாஸ்டிசால் மைக்கு 320 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சூடு கேட்கும், சாயம் கிளம்புவதும் அந்தச் சூட்டில்தான். 270 அல்லது 280-இல் உலரும் லோ-பிளீட் (சாயம் அதிகம் ஏற விடாத) மை, அதற்கு அடியில் சாயத்தைத் தடுக்கும் சாம்பல் அண்டர்பேஸ், இரண்டும் வேண்டும். சூடான சட்டைகளை அடுக்கிக் கட்டாதீர்கள், அடுக்கின் நடுவில் சூடு மணிக்கணக்கில் நிற்கும். சாம்பிளை அடித்த அன்றே அனுப்பாமல் மூன்று நாள் வைத்துப் பாருங்கள்.

பிள்ளைகள் அளவு அடித்தால் சட்டமும் மாறும். 12 வயது வரையான பொருளுக்குக் குழந்தைப் பொருள் சான்றிதழ், தயாரிப்பு விவர லேபிள், மையில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இல்லை என்ற சோதனை அடிப்படை, எல்லாம் தேவை. பிள்ளைகள் ஹூடியின் கழுத்தில் இழுகயிறு இருக்கவே கூடாது. கழுத்து லேபிளை வெட்டிவிட்டு உங்கள் பெயரை அச்சிட்டால் நார் விவரமும் தயாரான நாடும் நிறுவன அடையாளமும் மறுபடி அதில் வந்தாக வேண்டும்.

திரைச்சட்டம்:

மூவருக்கும் நன்றி. உள்பயன்பாட்டு லைசென்ஸில் தொடங்குகிறேன். அதுவரை ஆன்லைனில் பிரின்ட்-ஆன்-டிமாண்ட் (ஆர்டர் வந்த பிறகு அச்சிட்டு அனுப்பும்) தளத்தில் போட்டு விற்கலாமா? பொறுப்பு தளத்துடையதுதானே?

முத்திரைமோதிரம்:

இல்லை. வடிவத்தை ஏற்றியவர் நீங்கள், மீறலும் உங்களுடையது. தளமும் தப்பிக்கும் என்று சொல்ல முடியாது: ஒஹாயோ ஸ்டேட் ரெட்பபிள் என்ற இதே மாதிரித் தளத்தின் மேல் போட்ட வழக்கில் கீழ்நீதிமன்றம் தளத்துக்குச் சாதகமாகச் சொன்னதை ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் மாற்றியது. அதனால் தளங்கள் புகார் வந்தவுடன் பட்டியலை நீக்கி, கணக்கையே முடக்குகின்றன. அந்தப் பதிவு பின்னால் லைசென்ஸ் விண்ணப்பத்தில் உங்களுக்கு எதிராக நிற்கலாம்.

உள்பயன்பாட்டு லைசென்ஸ் கிடைத்ததும் முதல் காலாண்டிலேயே அறிக்கை அனுப்ப ஆரம்பியுங்கள். விற்பனை இல்லை என்றாலும் பூஜ்யம் என்று எழுதி அனுப்ப வேண்டும். இதை விட்டு லைசென்ஸ் ரத்தானவர்கள் உண்டு. ஒவ்வொரு ஆர்டருக்கும் எந்தத் துறை, எத்தனை சட்டை, ஒப்புதல் எண் என்ன என்று தனித்தாளில் வையுங்கள். உள்ளூர் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது விற்பனை வரலாறாக அதையே காட்டலாம்.